ஓடும் வீடு வாங்கலாமா?

முதன்முதலாகப் பழைய வீட்டு வண்டி வாங்குகிறவர்களுக்கு சில யோசனைகள்

வீட்டைப் பூட்டிவிட்டு வெளியூர் போவது எல்லோரும் செய்வதுதான். வீட்டையே ஓட்டிக்கொண்டு போனால் எப்படி இருக்கும்?

அதற்கென்றே ஒரு வண்டி இருக்கிறது. உள்ளே படுக்கை உண்டு. அடுப்பு உண்டு. தண்ணீர்த் தொட்டி உண்டு. சில வண்டிகளில் குளியல் அறையும் கக்கூசும் கூட உண்டு. "கேரவன்" என்று இதைச் சொல்கிறார்கள். சினிமா நட்சத்திரங்கள் படப்பிடிப்பின்போது ஓய்வு எடுக்கும் வண்டி என்றால் எல்லோருக்கும் புரியும்.

இப்போது இந்த ஆசை சாதாரணக் குடும்பஸ்தர்களுக்கும் வந்துவிட்டது. புது வண்டி வாங்கக் கட்டுப்படியாகாது. ஆகவே, "பழையது ஒன்று கிடைக்குமா?" என்று விசாரிக்கிறார்கள். பழைய வேன் ஒன்றை வாங்கி, உள்ளே படுக்கை போட்டுக்கொண்டால் போதாதா என்று கேட்கிறவர்களும் உண்டு.

வாங்கலாம். ஆனால் வாங்குவதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டிய சங்கதிகள் பல இருக்கின்றன.

விக்கிரமசிங்கபுரத்துக்குப் புதிது அல்ல

வீட்டோடு பிரயாணம் செய்வது தாமிரபரணிக் கரையில் இருப்பவர்களுக்குப் புதிய விஷயம் அல்ல.

திருநெல்வேலி மாவட்டத்தில், பொதிகை மலை அடிவாரத்தில் இருக்கிறது விக்கிரமசிங்கபுரம். மாதவச் சிவஞான முனிவர் பிறந்த ஊர். ஹார்வி சகோதரர்கள் அருவித் தண்ணீரின் வேகத்தைக் கொண்டு 1880-களில் பஞ்சாலை தொடங்கினார்கள். அந்த ஆலையை நம்பி வளர்ந்த ஊர் இது. மேற்கே சிறிது தூரம் போனால் பாபநாசம். அதற்கும் மேலே, காட்டுக்குள், காரையாறு சொரிமுத்து அய்யனார் கோவில்.

ஆடி அமாவாசை வந்தால் இந்தச் சாலையில் கூட்டம் நெரியும். கோவிலுக்குப் போகிறவர்கள் அந்தக் காலத்தில் மாட்டு வண்டியில் அரிசி, பருப்பு, அண்டா, குண்டா, பாய், தலையணை எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு குடும்பத்தோடு போவார்கள். ஆற்றங்கரையில் குடில் போட்டு, பொங்கி, சாப்பிட்டு, சில நாள் தங்கித் திரும்புவார்கள். வண்டியின் கூண்டுதான் குழந்தைகளுக்குப் படுக்கை அறை. மழை வந்தால் சாமான்களுக்கும் அதுவே கிடங்கு.

இன்றைய வீட்டு வண்டியும் அதே யோசனைதான். மாட்டுக்குப் பதில் என்ஜின்!

குதிரை இழுத்த வீடு

உல்லாசப் பிரயாணத்துக்கென்றே கட்டப்பட்ட முதல் வீட்டு வண்டியாக இங்கிலாந்தில் ஒரு வண்டியைச் சொல்வார்கள். கோர்டன் ஸ்டேபிள்ஸ் என்பவர் கடற்படையில் டாக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். சிறுவர்களுக்குக் கதை எழுதியவர். அவர் 1885-ம் ஆண்டில் பிரிஸ்டல் நகரத்து வண்டிப் பட்டறையில் ஒரு வண்டி செய்யச் சொன்னார். அதற்கு "நாடோடி" என்ற பொருளில் பெயர் வைத்தார். குதிரைகள் பூட்டிய அந்த வண்டியில் அவர் சுமார் 1,300 மைல் சுற்றி, அந்த அனுபவத்தைப் புத்தகமாகவும் எழுதினார்.

பிறகு மோட்டார் வந்தது. 1910-ம் ஆண்டில் அமெரிக்காவின் பியர்ஸ்-ஏரோ கம்பெனி, படுக்கும் வசதி உள்ள மோட்டார் வண்டியை நியூயார்க்கில் காட்சிக்கு வைத்தது. அது பணக்காரர்களின் வண்டி. நடுத்தரக் குடும்பத்துக்கு இந்த யோகம் அடித்தது 1951-ம் ஆண்டில்தான். ஜெர்மனியில் வெஸ்ட்பாலியா கம்பெனி, வோக்ஸ்வாகன் வேனுக்குள் படுக்கையும் அலமாரியும் பொருத்திக் கொடுக்க ஆரம்பித்தது.

நம் பக்கத்து மாநிலமான கேரளம், 2021-ம் ஆண்டில் கேரவன் சுற்றுலாவுக்கென்று தனித் திட்டம் வெளியிட்டது. அடுத்த ஆண்டு வாகமண்ணில் இந்த வண்டிகள் தங்குவதற்கான பூங்கா திறக்கப்பட்டது. செங்கோட்டையைத் தாண்டினால் கேரளம். ஆகவே நம் பக்கத்து ஜனங்களுக்கு விற்பனைக்கு வரும் வண்டிகளில் கேரளப் பதிவு எண் உள்ளவையும் இருக்கும். அதனால் வரும் சிக்கலைப் பின்னால் பார்ப்போம்.

சுழி பார்த்து வாங்குகிறோமே!

மேலப்பாளையம் சந்தையில் மாடு வாங்குகிறவர் என்ன செய்கிறார்? தரகர் பேச்சை மட்டும் நம்பிப் பணம் கொடுப்பாரா? பல்லைப் பிடித்து வயதைப் பார்ப்பார். சுழி பார்ப்பார். நடக்கவிட்டுப் பார்ப்பார். அதன் பிறகுதான் துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விலை பேசுவார்.

வண்டிக்கும் அப்படித்தான். இன்னும் சொல்லப்போனால், வீட்டு வண்டி வாங்குகிறவர் ஒரே விலையில் இரண்டு பழைய பொருள்களை வாங்குகிறார். ஒன்று மோட்டார் வண்டி. மற்றொன்று வீடு. இரண்டையும் தனித்தனியே சோதிக்க வேண்டும். உள்ளே பளபளவென்று இருக்கும் மெத்தையையும் திரைச்சீலையையும் பார்த்து மயங்கிவிடக்கூடாது. மெத்தையை மாற்ற அதிகம் செலவு ஆகாது. அடிச்சட்டம் துருப்பிடித்திருந்தால் மொத்தப் பணமும் போயிற்று!

முதலில் காகிதத்தைப் பாருங்கள். அடுத்து வண்டியைப் பாருங்கள். கடைசியாகத்தான் வீட்டைப் பார்க்க வேண்டும். பலர் இதைத் தலைகீழாகச் செய்து ஏமாறுகிறார்கள்.

காகிதம் பேசும்

வண்டிக்கு ஆர்.சி. புத்தகம் இருக்கும். இப்போது அது அட்டை வடிவில் வருகிறது. அதில் உள்ள என்ஜின் எண்ணும் சேசிஸ் எண்ணும், வண்டியில் பொறித்திருக்கும் எண்களும் ஒன்றாக இருக்கின்றனவா என்று நீங்களே குனிந்து பார்க்க வேண்டும். ஒரு எழுத்து மாறினாலும் அந்த வண்டி வேண்டாம்.

அடுத்தது வண்டியின் இனம். அட்டையில் "மோட்டார் கேரவன்" என்றோ, "கேம்பர் வேன்" என்றோ இருக்க வேண்டும். பள்ளிக்கூட வேன் என்றோ, சரக்கு வேன் என்றோ பதிவாகியிருக்கும் வண்டிக்குள் படுக்கையும் அடுப்பும் இருந்தால், அனுமதி இல்லாமல் மாற்றிய வண்டியாக இருக்கலாம்.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, தயாரித்த கம்பெனி குறிப்பிட்ட அமைப்புக்கு மாறாக வண்டியை இஷ்டம்போல் மாற்றக்கூடாது என்கிறது. 2019-ம் ஆண்டு ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் இதை உறுதி செய்தது. மாற்றியவர் முந்தைய சொந்தக்காரராக இருக்கலாம். வழியில் வண்டி பிடிபடும்போது சாவி யார் கையில் இருக்கிறதோ, அவர்தான் பதில் சொல்ல வேண்டும்!

வண்டி மீது கடன் இருக்கிறதா என்றும் பாருங்கள். கடனில் வாங்கிய வண்டி என்றால் அட்டையில் பாங்கியின் பெயரோ, கடன் கம்பெனியின் பெயரோ இருக்கும். கடன் தீர்ந்ததற்கான சான்றும், 35-ம் எண் படிவமும் கிடைத்து, அந்தப் பெயர் நீக்கப்பட்ட பிறகுதான் முழுப் பணம் கொடுக்க வேண்டும்.

அபராத பாக்கி, வரி பாக்கி, இன்சூரன்ஸ் முடியும் நாள் ஆகியவற்றை மத்திய அரசின் பரிவாகன் இணையதளத்தில் பார்க்கலாம். உங்களுக்குப் பழக்கம் இல்லாவிட்டால், வீட்டில் கல்லூரியில் படிக்கும் பிள்ளை இருந்தால் பார்த்துச் சொல்வான்.

பெயர் மாற்றாவிட்டால் என்ன ஆகும்?

"பெயர் மாற்றம் மெதுவாகச் செய்துகொள்ளலாம், வண்டியை எடுத்துப் போங்கள்" என்று சிலர் சொல்வார்கள். இது இருவருக்கும் ஆபத்து.

சுப்ரீம் கோர்ட்டுக்குப் போன ஒரு வழக்கைக் கேளுங்கள். ஒருவர் 2007-ம் ஆண்டில் தம் காரை விற்றுவிட்டார். வாங்கியவர் இன்னொருவருக்கு விற்றார். இப்படிக் கார் கை மாறிக்கொண்டே போயிற்று. ஆனால் பெயர் மட்டும் மாறவில்லை. 2009-ம் ஆண்டில் அந்தக் கார் விபத்தில் சிக்கியது. நஷ்டஈடு யார் கொடுப்பது?

2018-ம் ஆண்டு பிப்ரவரியில் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புக் கூறியது. பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே சொந்தக்காரர். அவரே நஷ்டஈடு கொடுக்க வேண்டும் என்றது. காரைக் கையால் கூடத் தொடாமல் இருந்த முதல் ஆளின் தலையில் அந்தச் சுமை விழுந்தது!

ஆகவே 29, 30 எண்ணுள்ள படிவங்களில் இருவரும் கையெழுத்துப் போட்டு, வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கொடுத்துவிட வேண்டும். ஒரே மாநிலத்துக்குள் விற்றால், விற்றவர் 14 நாட்களுக்குள் தெரிவிக்க வேண்டும். வெளி மாநிலம் என்றால் 45 நாட்கள். வாங்கியவருக்குத் தவணை 30 நாட்கள்.

இன்சூரன்சையும் 14 நாட்களுக்குள் உங்கள் பெயருக்கு மாற்றக் கம்பெனிக்கு எழுதிக் கொடுங்கள். வண்டியின் இனம் இன்சூரன்சில் சரியாக எழுதப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். வேனுக்கு எடுத்த இன்சூரன்சைக் காட்டி, உள்ளே இருந்த அடுப்பினால் ஏற்பட்ட தீக்குப் பணம் கேட்டால் தகராறு வரும்.

கேரள எண் உள்ள வண்டியா? அங்குள்ள அலுவலகத்தில் ஆட்சேபணை இல்லை என்ற சான்றை, 28-ம் எண் படிவத்தின் மூலம், விற்பவரே வாங்கித் தர வேண்டும். 12 மாதங்களுக்கு மேல் தமிழ்நாட்டில் வைத்திருந்தால் இங்கே புதிய எண் வாங்க வேண்டும். இங்கே வரியும் கட்ட வேண்டும். விலை பேசும்போதே இந்த வரியையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சொந்த உபயோக வண்டிக்குப் பதிவு 15 ஆண்டுகள் செல்லும். பிறகு தகுதிச் சோதனை செய்து புதுப்பிக்க வேண்டும். 14 வயதான வண்டியை மலிவாகக் கொடுக்கிறார்கள் என்றால், ஏன் மலிவு என்று இப்போது புரிகிறதல்லவா?

வண்டியைப் பார்க்கும் விதம்

காலையில் போங்கள். "நான் வரும்வரை என்ஜினை ஓட்டாதீர்கள்" என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சூடான என்ஜின் எதுவும் சுலபமாகக் கிளம்பிவிடும். குளிர்ந்த என்ஜின்தான் உண்மையைச் சொல்லும்.

புகையைப் பாருங்கள். நீலப் புகை வந்தால் என்ஜின் எண்ணெயைக் குடிக்கிறது. கறுப்புப் புகை வந்தால் டீசல் சரியாக எரியவில்லை. வெள்ளைப் புகை நிற்காமல் வந்தால், தண்ணீர் உள்ளே கசிகிறதோ என்று மெக்கானிக்கிடம் காட்ட வேண்டும்.

வண்டிக்கு அடியில் படுத்துப் பார்க்க ஒரு நல்ல மெக்கானிக்கை அழைத்துப் போங்கள். அவர் உங்கள் ஆளாக இருக்க வேண்டும். விற்பவர் காட்டும் ஆளாக இருக்கக்கூடாது. அடிச்சட்டத்தில் புதிதாகக் கறுப்பு வர்ணம் அடித்திருந்தால் சந்தேகப்படுங்கள்.

டயரில் நூல் தேயாமல் இருக்கலாம். அது மட்டும் போதாது. வீட்டு வண்டி வருஷத்தில் பல மாதம் நின்றபடியே இருக்கும். நின்ற இடத்திலேயே ரப்பர் கெட்டுப்போகும். டயரின் பக்கவாட்டில் நான்கு எண்கள் இருக்கும். 2319 என்று இருந்தால், 2019-ம் ஆண்டின் 23-வது வாரத்தில் தயாரானது என்று அர்த்தம். டயரின் வயதைச் சொல்லும் பல் அதுதான்!

எடை மேடைக்குக் கொண்டு போங்கள்

பலரும் மறந்துவிடுவது எடை. ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. நூறு லிட்டர் தொட்டி நிரம்பினால் நூறு கிலோ. பாட்டரி, ஏ.சி., கட்டில், அலமாரி, ஜெனரேட்டர் எல்லாம் சேர்ந்தால்? அதன் பிறகு தாத்தா, பாட்டி, பேரன், பேத்தி ஏறுவார்கள். சாமான் ஏறும்.

ஆகவே தொட்டியை நிரப்பி, குடும்பத்தையும் ஏற்றிக்கொண்டு, லாரிகளை நிறுக்கும் எடை மேடைக்குப் போங்கள். சொற்பக் கட்டணம்தான். வரும் எடையை, ஆர்.சி.யில் எழுதியிருக்கும் மொத்த எடையோடு ஒப்பிடுங்கள். கூடுதலாக இருந்தால் பிரேக் பிடிக்காது, டயர் வெடிக்கும். மலை இறக்கத்தில் இது உயிர்ப் பிரச்சினை.

உங்கள் ஓட்டுநர் உரிமத்தையும் பாருங்கள். இலகு ரக வாகனம் ஓட்டும் உரிமம், மொத்த எடை 7,500 கிலோவுக்கு மேற்படாத வண்டிக்குத்தான் செல்லும். பஸ்சை மாற்றிச் செய்த பெரிய கேரவன் அதற்கு மேல் இருக்கலாம்.

வீட்டைப் பார்க்கும் விதம்

உள்ளே ஏறியதும் மூக்கைப் பயன்படுத்துங்கள். பூசண வாடை அடித்தால் கூரை ஒழுகுகிறது. ஊதுபத்தி மணம் கமகமவென்று வந்தால் ஜன்னலைத் திறந்துவிட்டு மீண்டும் முகர்ந்து பாருங்கள்! மூலைகளில் பலகையைக் கட்டை விரலால் அழுத்துங்கள். மெத்தென்று அமுங்கினால் உள்ளே மக்கிவிட்டது.

வாங்க நல்ல காலம் ஐப்பசி, கார்த்திகை. அடைமழையில் ஒழுகாத வண்டி எப்போதும் ஒழுகாது. கோடையில் பார்க்கிறவர்கள், கூரை மேல் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றிப் பார்க்க வேண்டும்.

விளக்கு, விசிறி, குழாய் எல்லாவற்றையும் போட்டுப் பாருங்கள். மின்சாரக் கம்பிகள் எங்கே ஓடுகின்றன, பியூஸ் எங்கே இருக்கிறது என்று கேளுங்கள். விற்பவருக்கே தெரியாவிட்டால், புதிதாகக் கம்பி இழுக்கும் செலவை விலையில் குறைத்துக்கொள்ளுங்கள்.

உயிரைக் குடிக்கும் இரண்டு எமன்கள்

இந்தப் பகுதியைத் தாய்மார்கள் அவசியம் படிக்க வேண்டும்.

முதல் எமன் சமையல் காஸ். 2023-ம் ஆண்டு ஆகஸ்டு 26-ந் தேதி அதிகாலை, மதுரை ரெயில் நிலையத்தில் நிறுத்தப்பட்டிருந்த சுற்றுலாப் பெட்டி ஒன்றில் தீப்பிடித்தது. உத்தரப்பிரதேசத்திலிருந்து யாத்திரை வந்தவர்கள் 9 பேர் இறந்தார்கள். விதிக்கு மாறாகப் பெட்டிக்குள் காஸ் சிலிண்டர் கொண்டுவரப்பட்டிருந்தது.

சமையல் காஸ் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாது. தரையில் தேங்கி நிற்கும். அடைபட்ட சிறிய அறையில் ஒரு தீப்பொறி போதும். ஆகவே சிலிண்டர் வைக்கும் இடம் தனி அறையாக, தரை மட்டத்தில் வெளிக்காற்றுத் துவாரத்தோடு இருக்க வேண்டும். தீயணைப்புக் கருவி கைக்கு எட்டும் இடத்தில் இருக்க வேண்டும். வெளியேற இரண்டாவது வழியும் வேண்டும். வண்டி ஓடும்போது அடுப்பு பற்றவைக்கவே கூடாது.

இரண்டாவது எமன் கண்ணுக்குத் தெரியாது. 2024-ம் ஆண்டு டிசம்பரில் கேரளத்தில் வடகரைக்கு அருகே சாலையோரம் ஒரு கேரவன் வெகுநேரம் நின்றது. சந்தேகப்பட்டுப் பார்த்தபோது உள்ளே இரண்டு பேர் பிணமாகக் கிடந்தார்கள். கோழிக்கோடு தேசியத் தொழில்நுட்பக் கழக நிபுணர்கள் ஆராய்ந்தார்கள். ஏ.சி.க்காக ஓடிய ஜெனரேட்டரின் புகையில் இருந்த கார்பன் மோனாக்சைடு என்ற விஷ வாயு, தரையில் இருந்த ஓட்டை வழியாக உள்ளே வந்துவிட்டது என்று தெரிந்தது.

இந்த வாயுவுக்கு நிறம் இல்லை, வாசனை இல்லை. பிராணவாயு சேர வேண்டிய இடத்தில் இது ரத்தத்தோடு சேர்ந்துகொள்ளும். தூங்குகிறவர் தூக்கத்திலேயே போய்விடுவார்.

எனவே ஜெனரேட்டர் உள்ள வண்டியா? அதன் புகைக்குழாய் எங்கே முடிகிறது என்று பாருங்கள். தரையில் ஓட்டை இருக்கிறதா என்று விரிப்பைத் தூக்கிப் பாருங்கள். இந்த விஷ வாயு வந்தால் சத்தம் போட்டு எழுப்பும் சிறு கருவி விற்கிறது. அதை வாங்கிப் பொருத்தாமல் ஒரு இரவும் உள்ளே படுக்கக்கூடாது. ஜெனரேட்டரை ஓடவிட்டுத் தூங்கவே வேண்டாம்.

எங்கே நிறுத்துவது?

விக்கிரமசிங்கபுரத்திலிருந்து மேற்கே போகும் சாலை களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்துக்குள் நுழைகிறது. 1988-ம் ஆண்டில் ஏற்பட்ட காப்பகம் இது. சோதனைச் சாவடிக்கு அப்பால் வனத்துறையின் அனுமதி வேண்டும். "என் வீடு என்னோடு இருக்கிறது" என்று சொல்லிக் காட்டில் இஷ்டம்போல் இரவு தங்க முடியாது. ஆடி அமாவாசைக் கூட்டத்தின்போது அதிகாரிகள் விதிக்கும் கட்டுப்பாட்டுக்கு உங்கள் வண்டியும் விலக்கு அல்ல.

இன்னொன்று முக்கியம். வீட்டு வண்டியில் கழிவுத் தொட்டி இருக்கும். அதைத் தாமிரபரணிக் கரையில் திறந்துவிடக்கூடாது. திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்கள் குடிக்கும் தண்ணீர் அது. ஊருக்குத் திரும்பி முறையாகக் காலி செய்ய வழி இருக்கிறதா என்று யோசித்துக்கொண்டு கிளம்புங்கள்.

வீட்டு வாசலில் நிறுத்த இடம் உண்டா? தெருவை அளந்து பார்த்தீர்களா? அண்டை வீட்டுக்காரருக்கு வழி விட வேண்டுமே!

பணக் கணக்கு

ஆலையில் முப்பது ஆண்டு நூல் நூற்று, பி.எப். பணத்தோடு வீட்டுக்கு வருகிறவர் ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். காசி, ராமேசுவரம் போக வேண்டும் என்று மனைவியின் ஆசை. கையில் 6 லட்சம் ரூபாய். 6 லட்சத்துக்கே வண்டி வாங்கினால் என்ன ஆகும்? டயருக்கும் பாட்டரிக்கும் வரிக்கும் மகளிடம் நகை கேட்க வேண்டி வரும்!

கையில் உள்ளதில் நாலில் ஒரு பங்கைத் தொடாமல் வையுங்கள். பழைய வண்டி முதல் ஆண்டிலேயே அதைக் கேட்கும்.

வாங்குவதற்கு முன், அதே மாதிரி வண்டி ஒன்றை வாடகைக்கு எடுத்து இரண்டு நாள் குடும்பத்தோடு தங்கிப் பாருங்கள். மூட்டு வலி உள்ள பாட்டியால் படியில் ஏற முடிகிறதா? குழந்தைகள் தூங்குகிறார்களா? சமைக்கிற அம்மாவுக்கு அதில் ஓய்வு கிடைக்கிறதா, இல்லை, இங்கேயும் அதே அடுப்படிதானா? இந்தக் கேள்விகளுக்கு எந்தத் தரகரும் பதில் சொல்ல மாட்டார்.

பிறகு விரல் விட்டு எண்ணுங்கள். வருஷத்தில் எத்தனை நாள் பிரயாணம் போவீர்கள்? பத்து நாள்தான் என்றால் வாடகை வண்டியே லாபம். நாற்பது, ஐம்பது நாள் என்றால் சொந்த வண்டியைப் பற்றி யோசிக்கலாம்.

விலை படிந்தால் முன்பணம் மட்டும் கொடுங்கள். தேதி, தொகை, வண்டி எண், பாக்கி எப்போது என்பதை எழுதி, சாட்சிக் கையெழுத்தோடு ரசீது வாங்குங்கள். காகிதம் எல்லாம் கைக்கு வந்த பிறகே பாக்கி.

"இன்றே முடிக்காவிட்டால் வேறு ஆள் வாங்கிவிடுவார்" என்று அவசரப்படுத்துகிறார்களா? அந்த வேறு ஆளே வாங்கிக்கொள்ளட்டும். நல்ல வண்டி இன்னொன்று கிடைக்கும். இழந்த பி.எப். பணம் இன்னொரு முறை வராது.